சாந்திபுரம் ஏன் ஆந்திராவில் இருக்கிறது?

"ஆந்திராவா? அப்புறம் எப்படி இவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்க?"

அமெரிக்கா வந்த இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பொங்கல் விழாவில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொந்த ஊர் சாந்திபுரம் என்பேன். "திண்டுக்கல் பக்கமா?" என்பார்கள். இல்லீங்க, சித்தூர் மாவட்டம், குப்பத்துக்குப் பக்கம் என்றதும் மேற்படி கேள்வி வந்து விழும். தெலுங்குக்காரர்களின் உகாதி விழாவுக்குப் போனால் கதை தலைகீழ். "குப்பமா! சந்திரபாபு தொகுதி!" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். நாலு வாக்கியம் தெலுங்கில் பேசிய பிறகு, "நீங்க தமிழங்களா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். ஆக, இரண்டு சங்கத்திலும் நான் விருந்தாளிதான். :-)

இதற்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியாது. சொல்லப் போனால் சாம்பார் சாதம் ஆறிவிடும். எங்கள் ஊர் ஏன் ஆந்திராவில் இருக்கிறது, பக்கத்துத் திருத்தணி ஏன் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதற்குப் பின்னால் சுமார் ஐம்பது வருஷ அரசியல் இருக்கிறது. யார் சங்கம் சேர்ந்தார்கள், யார் சேரவில்லை, யார் கட்சியைப் பிடித்தார்கள், யாரைக் கட்சி பிடித்தது என்கிற கதை. நம் பிள்ளைகள் ஊர் எது என்று கேட்கும்போது சொல்லவாவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் வரைபடம். ஆந்திரப் பிரதேசத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு வால் தொங்கும். அதுதான் குப்பம். ஒரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டின் வாணியம்பாடியும் கிருஷ்ணகிரியும். மதனப்பள்ளியிலிருந்து பலமனேரி, வி.கோட்டா வழியாக வரும் நெடுஞ்சாலை சாந்திபுரத்தைத் தாண்டிக் குப்பம் போய், அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கும். சந்தையில் மூன்று பாஷையும் கேட்கும். தக்காளி விலையைத் தெலுங்கில் கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் திட்டிவிட்டுப் போகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். நைனா (எங்கள் பக்கத்தில் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அதில் அவருக்கு எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே யாருக்கும் இது ஒரு விஷயமாகவே படவில்லை. அங்கேதான் சிக்கலே.

வெள்ளைக்காரன் காலத்தில் சித்தூர் என்பது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். ஆமாம், வேலூருக்கு முன்னால் கலெக்டர் உட்கார்ந்திருந்தது சித்தூரில்தான். 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் தனி மாவட்டம் ஆனது. வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், பலமனேரி, திருப்பதி இருக்கிற சந்திரகிரி. கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு. இவற்றோடு ஜமீன் பகுதிகளான காளஹஸ்தி, புத்தூர், திருத்தணி எல்லாம் சேர்ந்து ஒரு கலவை. ஆள்வதற்கு வசதி என்று போட்ட கோடு. எல்லாமே மதராஸ் மாகாணத்துக்குள் இருந்ததால் அந்தக் கோட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

தமிழர்கள் கவலைப்படவில்லை என்று சொல்வதுதான் சரி. தெலுங்கு பேசுகிறவர்கள் வெகு முன்னாலேயே விழித்துக் கொண்டார்கள். 1913-இல் பாபட்லாவில் முதல் ஆந்திர மகாசபை கூடியது. மதராஸ் மாகாணத்தில் நம் குரல் எடுபடவில்லை, நமக்குத் தனி மாகாணம் வேண்டும் என்று வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் வாத்தியார்களும் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. ஓட்டுக் கேட்கும் கட்சி இல்லை. நாலே வருஷத்தில் அவர்கள் சாதித்ததைப் பாருங்கள். காங்கிரஸுக்குள் ஆந்திராவுக்கென்று தனி மாகாணக் கமிட்டியை 1917-18 வாக்கிலேயே வாங்கிவிட்டார்கள். அரசாங்கம் மாகாணத்தைப் பிரிக்கிறதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்னால், கட்சி பிரித்துவிட்டது! 1928-இல் நந்தியால் கூட்டத்தில் கடப்பை, கர்நூல், அனந்தப்பூர் வட்டாரத்துக்கு 'ராயலசீமா' என்று பெயர் வைத்தார்கள். சித்தூரும் அதில் ஓர் அங்கம் என்று ஆயிற்று. 1937-இல் கடலோரத் தலைவர்களும் ராயலசீமாத் தலைவர்களும் சென்னையில் ஸ்ரீபாக் என்ற வீட்டில் உட்கார்ந்து, தனி மாநிலம் வந்தால் உனக்கு என்ன, எனக்கு என்ன என்று ஒப்பந்தமே போட்டுக் கொண்டார்கள்.

அந்த 1937-இல் சித்தூர்த் தமிழனுக்காகப் பேச ஒரு பெரிய அமைப்புகூட இல்லை. திருப்பதி நம்முடையது என்று எல்லோருக்கும் நினைப்பு. வேங்கடம்தான் தமிழுக்கு வடக்கெல்லை என்று தொல்காப்பியப் பாயிரமே சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன? பாயிரத்தை எடுத்துக்கொண்டு எந்தக் கமிஷன் முன்னால் போய் நிற்பது என்று யாரும் யோசிக்கவில்லை.

யோசித்த ஒருவர் மங்கலங்கிழார். திருத்தணி வட்டாரத்துத் தமிழாசிரியர். 1940களில் குருவராசப்பேட்டையை மையமாக வைத்து அறநெறித் தமிழ்ச் சங்கம் என்று ஒன்றை நடத்தி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் தமிழ் வகுப்பு எடுத்தார். மேடைப் பேச்சு பெரிதாக இல்லை, பத்திரிகைச் செய்தி இல்லை. இலக்கணம், திருக்குறள், எழுத்து வாசிப்பு, அவ்வளவுதான். ஆனால் தமிழ் எழுதத் தெரிந்த, மனு எழுதத் தெரிந்த, 'நான் தமிழன்' என்று கணக்கெடுக்க வந்தவனிடம் சொல்லத் தெரிந்த ஒரு தலைமுறை அந்தக் கிராமங்களில் உருவானது. வடக்கெல்லைப் போராட்டம் என்றவுடன் ம.பொ.சி. பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். என்னைக் கேட்டால் பாதிப் புகழ் இந்த வாத்தியாருக்குப் போக வேண்டும்.

ம.பொ. சிவஞானம் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துப் பிழைத்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற காங்கிரஸ்காரர். 1946-இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். இதில் ஒரு விசேஷம், அவர் காங்கிரஸை விட்டுப் போகாமலே கழகத்தை நடத்தினார். ஆளுங்கட்சிக்குள் உட்கார்ந்துகொண்டு, ஆளுங்கட்சியை நெருக்கும் சங்கம். சுதந்திரம் வந்த அதே 1947 ஆகஸ்டில் திருப்பதிக்குப் போய் வேங்கடம் தமிழருடையது என்று குரல் கொடுத்தார். மங்கலங்கிழாரும், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் போன்றவர்களும் அவரோடு சேர்ந்தார்கள். உள்ளூர் வாத்தியார், உள்ளூர் வக்கீல், சென்னையில் ஒரு பேச்சாளர். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடி வந்தது திருத்தணிக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

மற்ற கட்சிகள்? திராவிடக் கட்சிகளுக்கு அப்போது திராவிட நாடு லட்சியம். ஆந்திராவும் அதற்குள் அடக்கம். அடக்கமான வீட்டுக்குள் எல்லைச் சண்டை போடுவது அவர்களுக்குத் தர்மசங்கடம். தமிழ்நாடு காங்கிரஸுக்கு டில்லியின் முகம் கோணக் கூடாது. ஒரு கட்சி பெரிதாக ஆக ஆக, ஓரத்தில் இருக்கிறவன் பிரச்சினை அதற்குச் சின்னதாகிவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, கட்சி என்றால் அப்படித்தான். அதனால்தான் சங்கம் தேவைப்படுகிறது.

1952 அக்டோபர் 19-ஆம் தேதி பொட்டி ஸ்ரீராமுலு சென்னை மயிலாப்பூரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். டிசம்பர் 15-ஆம் தேதி இறந்தார். நாலே நாளில், 19-ஆம் தேதி, நேரு பாராளுமன்றத்தில் ஆந்திர மாநிலம் அமையும் என்று அறிவித்தார், சென்னை நகரம் நீங்கலாக. அப்போதும் "மதராஸ் மனதே" கோஷம் அடங்கவில்லை. தற்காலிகத் தலைநகரமாகவாவது கொடுங்கள் என்றார்கள். முதலமைச்சர் ராஜாஜி அசைந்து கொடுக்கவில்லை. சென்னை மாநகராட்சி தீர்மானம் போட்டது. "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று ம.பொ.சி. முழங்கினார். சென்னை தப்பியது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரா பிறந்தது.

சென்னையைக் காப்பாற்றிய கொண்டாட்டத்தில் ஒரு சங்கதி அமுங்கிவிட்டது. சித்தூர் மாவட்டம் முழுசாக, திருத்தணியும் சேர்த்து, ஆந்திராவோடு போய்விட்டது. 1911-இல் கலெக்டர் வசதிக்குப் போட்ட கோடு, 1953-இல் மாநில எல்லை ஆகிவிட்டது.

அந்த வருஷம் திருத்தணி, புத்தூர், சித்தூர் பக்கம் கடையடைப்பு, ரயில் மறியல், தடையுத்தரவு மீறல் என்று அமளிதுமளி. ம.பொ.சி. கைதானார். சிறைக்குப் போய் உயிரோடு திரும்பாதவர்களும் உண்டு. மங்கலங்கிழார் 1953 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார், பலனைப் பார்க்கவில்லை. ம.பொ.சி.க்குக் கட்சியும் கழகமும் ஒன்றாக ஓடவில்லை, 1954-இல் காங்கிரஸிலிருந்து வெளியே வர வேண்டியதாயிற்று. இரண்டு குதிரைச் சவாரி அவ்வளவு நாள்தான் தாங்கும்.

கடைசியில் எச்.வி. படாஸ்கரை மத்தியஸ்தராக இரண்டு மாநிலமும் ஒத்துக்கொண்டன. அவர் 1957-இல் தீர்ப்புக் கொடுத்தார். கிராமத்தை ஓர் அலகாக எடுத்துக்கொள்வது, 1951 ஜனத்தொகைக் கணக்கில் அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்ப்பது, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! (பெல்காம் தகராறில் மகாராஷ்டிரா இன்றும் இந்தப் 'படாஸ்கர் சூத்திரத்தை'த்தான் தூக்கிப் பிடிக்கிறது.) 1959-இல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தாலுகாவும் புத்தூர், சித்தூர் தாலுகாக்களில் சில கிராமங்களும் சேர்த்து 300-க்கு மேற்பட்ட கிராமங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் சுமார் 150 ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி போனது போனதுதான். சித்தூரும் அப்படியே.

கொசுறு: திருத்தணியில் பிறந்த மிகப் பிரபலமான மனிதர் டாக்டர் ராதாகிருஷ்ணன். வீட்டில் பேசியது தெலுங்கு. எல்லைக்கோடு எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் தப்பான பக்கம் நிற்பார்.

நிற்க. தெற்கே என்ன நடந்தது என்றும் ஒரு வரி சொல்ல வேண்டும். கன்னியாகுமரித் தமிழர்கள் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று தனிக் கட்சியே நடத்தினார்கள். நேசமணி தலைமையில் தேர்தலில் நின்று, 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் 12 இடம் பிடித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 11-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலியும் கொடுத்தார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. அவர்கள் கையில் எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள், வேலை சீக்கிரம் முடிந்தது. வடக்கில் சங்கம் மட்டும், அதனால் இன்னும் மூன்றரை வருஷம் ஆனது. இரண்டு இடத்திலும் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் கேட்ட இடத்தில்தான் கிடைத்தது.

எங்கள் சாந்திபுரம், குப்பம் பக்கம்? அது கங்குந்தி ஜமீனாக இருந்த பூமி. மங்கலங்கிழார் மாதிரி ஓர் ஆள் அங்கே இல்லை. தமிழ்க் கிராமமும் தெலுங்குக் கிராமமும் சோளமும் துவரையும் மாதிரி ஊடுபயிராகக் கிடந்தன. எங்கள் தாத்தாவுக்குப் படாஸ்கர் என்ற பெயரே தெரியாது. தன் கிராமத்தைப் பற்றி எங்கோ ஒருவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி முடிவு செய்துகொண்டிருக்கிறார் என்று அவருக்கு யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருத்தணிக்காரர்கள் மாதிரி ரயில் முன்னால் உட்கார்ந்திருப்பாரா என்றால், மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மழை பெய்யுமா என்பதே அவருடைய ஒரே அரசியல்.

*

இரண்டாவது கதை 1983-இல் ஆரம்பிக்கிறது. என்.டி. ராமாராவ் தெலுங்கரின் சுயமரியாதை என்று முழங்கிக்கொண்டு 1982-இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். பெயரிலேயே தெலுங்கு. அந்தக் கட்சியை அன்று முதல் இன்றுவரை ஒரு தடவைகூடக் கைவிடாத தொகுதி எது தெரியுமா? தமிழ் பேசுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும் குப்பம்! 1983, 1985 தேர்தல்களில் ரங்கசாமி நாயுடு. 1989-இலிருந்து சந்திரபாபு நாயுடு. அவர் சொந்த ஊர் சந்திரகிரி பக்கம் நாராவாரிப்பள்ளி. 1978-இல் சந்திரகிரியில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்து, 1983-இல் அங்கேயே தோற்றவர். மாமனார் கட்சிக்கு வந்த பிறகு எங்கள் பக்கம் ஒதுங்கினார். 2024 வரை எட்டுத் தடவை தொடர்ச்சியாக ஜெயித்திருக்கிறார்.

எங்கள் ஆட்களுக்குக் கட்சியின் பெயரைப் பற்றிக் கவலையில்லை. வந்தவர் முதலமைச்சர் ஆகிற ஆள் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். 1995-இல் ஆகவும் ஆனார். மாநிலத்தின் வால் நுனியில் இருக்கிற ஒரு வறண்ட தொகுதிக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளமும் அதற்குக் கை கொடுத்தன. இஸ்ரேல்காரர்களை அழைத்து வந்து சொட்டு நீர்ப் பாசனம் போட்டார்கள். (செலவு அதிகம், சின்ன விவசாயிக்கு ஒத்து வராது என்று விமர்சனமும் உண்டு. அது தனியாக எழுத வேண்டிய சமாச்சாரம்.) பெங்களூருக்குக் கூலி வேலைக்கு ரயில் ஏறுகிற கூட்டம் அதனால் நின்றுவிடவில்லை. ஆனாலும் ரோடு வந்தது, கல்லூரி வந்தது, ஆபீஸில் குப்பம் என்று சொன்னால் நாற்காலி போட்டார்கள்.

ஒரே ஆளுக்குத் தொடர்ந்து ஓட்டுப் போட்டால் அவர் நம்மை மறந்துவிட மாட்டாரா? மறக்கத்தான் செய்வார். 2019-இல் வித்தியாசம் 30 ஆயிரம் ஓட்டுச் சொச்சமாக இறங்கியது. 2021 பஞ்சாயத்துத் தேர்தலில் தொகுதியின் பெரும்பாலான ஊராட்சிகள் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பக்கம் போயின. அதே வருஷம் நவம்பரில் குப்பம் நகராட்சிக்கு நடந்த முதல் தேர்தலில் 25 வார்டில் 19 அவர்களுக்கு, 6 தெலுங்கு தேசத்துக்கு. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து கள்ள ஓட்டுப் போட்டார்கள் என்று தெலுங்கு தேசம் குற்றம் சாட்டியது. நடந்திருக்கலாம், நம் ஊர்த் தேர்தலில் எதுவும் நடக்கும். ஆனால் அதற்கப்புறம் பாபு தொகுதிக்கு வந்த வேகத்தைப் பார்த்தால், அவருக்கே சேதி புரிந்துவிட்டது என்பது என் கட்சி. பெரிய பதவியைக் கொடுத்து வைத்துக்கொண்டு சின்னப் பதவியில் பிரம்பைக் காட்டுவது. படிக்காத ஜனம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2023 ஜனவரியில் சாந்திபுரம் பேரே தேசியச் செய்தியில் வந்தது. கந்துகூரிலும் குண்டூரிலும் தெலுங்கு தேசம் கூட்டங்களில் நெரிசலில் ஆட்கள் இறந்தார்கள். அதைக் காட்டி ஜெகன் அரசாங்கம் ரோட்டில் கூட்டம் போடுவதைக் கட்டுப்படுத்தி அரசாணை எண் 1 என்று ஒன்று போட்டது. 1861-ஆம் வருஷப் போலீஸ் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஜனவரி 4-ஆம் தேதி சாந்திபுரம் மண்டலம் பெத்தூரில் சொந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வையே போலீஸ் மறித்தது. அந்த மே மாதம் உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. நெரிசலில் செத்தவர்களுக்காக வருத்தப்படுகிறவன்தான் நானும். ஆனால் எங்கள் மாதிரி ஊரில் ரோட்டோரக் கூட்டத்தை விட்டால் ஒரு தலைவரிடம் நேராக மனு நீட்ட வேறு இடம் ஏது?

2024-இல் வித்தியாசம் மறுபடி 48 ஆயிரத்துக்கு ஏறியது. பாபு மறுபடி முதலமைச்சர். 2025 மே மாதம் சாந்திபுரம் மண்டலத்திலேயே வீடு கட்டிக் கிரகப்பிரவேசமும் செய்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்த பிறகு ஒரு வீடு. ஹந்திரி-நீவா கால்வாய்த் தண்ணீரை 2024 பிப்ரவரியில் ஜெகன் வந்து திறந்தார். 2025 ஆகஸ்டில் சந்திரபாபு வந்து மறுபடி ஆரத்தி எடுத்தார். ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா நதியை எங்கள் ஏரிக்குக் கொண்டுவர இரண்டு முதலமைச்சர்கள் போட்டி போட்டார்கள் என்றால், அது ஓட்டுப் போடுகிறவனின் சாமர்த்தியம் இல்லாமல் வேறென்ன?

தண்ணீர் என்றதும் பாலாறு. தமிழ்நாட்டு நண்பர்கள் இந்த இடத்தில் என்னைக் கோபிக்கக் கூடாது. பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடுகிறது. அந்த 33 எங்கள் பக்கம்தான். கணேசபுரத்தில் அணை கட்ட ஆந்திரா கிளம்பியபோது, 1892-ஆம் வருஷ ஒப்பந்தத்தைக் காட்டி 2006-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2016-இல் புல்லூர்த் தடுப்பணையை உயர்த்தியபோது வாணியம்பாடியில் போராட்டம். 2024 பிப்ரவரியில் புது அணைப் பேச்சு எழுந்ததும் துரைமுருகன் கண்டன அறிக்கை விட்டார். வாணியம்பாடி விவசாயி கேட்பது நியாயம். ஆனால் தடுப்பணையில் நாலு நாள் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும் என்று காத்திருப்பவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பாஷையில் அவர்கள் வாணியம்பாடிக்காரருக்கு உறவு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள். தண்ணீரில் ஆந்திராக்காரர்கள். ஒரே மொழி பேசுகிறவர்களின் நலன் எல்லாம் ஒன்று என்று மேடையில் சொல்லலாம், ஆற்றங்கரையில் சொல்ல முடியாது.

ஆக, கட்சியைப் பிடித்து ரோடு, தண்ணீர், பல்கலைக்கழகம் எல்லாம் வாங்கியாயிற்று. கட்சி தராத ஒன்று மிச்சம் இருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடம்.

ஆந்திரப் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று வசதி இருக்கிறது. 1956-இல் சேர்த்த அரசியல் சட்டப் பிரிவு 350ஏ, சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. அதற்கும் முன்னால், 1949-இல் மாகாணக் கல்வி மந்திரிகள் கூடி, பள்ளியில் 40 பிள்ளைகள் அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் இருந்தால் அந்த மொழியில் சொல்லித்தர ஆசிரியர் போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழியைக் கட்டாயமாக்கி ஜெகன் அரசு ஆணை போட்டது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை அடித்தது. அந்தச் சண்டையில் ஓங்கிக் கேட்டதெல்லாம் தெலுங்கு வழிக்கான குரல்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிழல் கிடைத்தது, அடுத்தவர் மரத்தில்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நேர் எதிரான காட்சி. ஓசூர் காங்கிரஸ் எம்.எல்.ஏ. கோபிநாத் தமிழ்நாடு சட்டசபையில் தெலுங்கிலேயே எழுந்து தெலுங்குக் கல்விக்காகப் பேசியிருக்கிறார், முதலமைச்சர் ஜெயலலிதா தெலுங்கிலேயே பதில் சொல்லியிருக்கிறார். 2006-ஆம் வருஷத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியபோது, தமிழ்நாடு மொழிச் சிறுபான்மையினர் மன்றம் என்று சங்கம் கூடி கோர்ட்டுக்குப் போனார்கள். தமிழ்த் தேர்விலிருந்து விலக்கு வாங்கி, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அதை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்தும் கொண்டார்கள். அந்தக் கோரிக்கை எனக்கு முழுசாக உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் வளர்கிற பிள்ளை தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் அவர்கள் கூடினார்கள், காசு போட்டார்கள், வக்கீல் வைத்தார்கள். 1913 பாபட்லாவின் பழக்கம் இன்னும் போகவில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, போன தடவை ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் ஆரம்பித்தேன். ஒரு வகுப்பில் பத்துப் பெயர் இருந்தால் போதும் சித்தப்பா, தமிழ் வாத்தியார் கேட்டு மனு எழுதலாம், நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் வாங்குங்கள் என்றேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். எதிர் வீட்டில் இரண்டு, கோவில் தெருவில் மூன்று, அவர் பெண்ணின் பிள்ளைகள் இரண்டு என்று விரல் விட்டு எண்ணினார். ஏழு வந்தது. பிறகு அந்த இரண்டு விரலை மட்டும் மடக்கினார்.

"அதுங்க ரெண்டும் இங்கிலீஷ் மீடியம் நைனா. உன் மாதிரி அமெரிக்கா போவணும்னு அவங்கம்மா சொல்லிடுச்சு" என்றார்.